வாழ்த்து மடலும் வெட்டும் யந்திரமும்



பொங்கல், தீபாவளி, திருமணம், பிறந்தநாள் ஆகிய நல்ல வேளைகளில் உற்றாருக்கும் நண்பருக்கும் வாழ்த்து மடல் அனுப்புவது நம்மவரிடையே சில தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். கைப்பேசியின் வழியே நொடிப்பொழுதில் செய்தி போய்ச் சேரும் இந்நாளில் அவ்வழக்கம் குன்றியிருக்கிறது, ஆயினும் மறைந்துவிடவில்லை. கடையில் வாங்கிய மடலுக்குப் பதிலாக, வீட்டில் கையால் செய்த மடலை அனுப்புவோர் இன்று பலர் இருக்கின்றனர். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் இக்கைவேலைக்கு மற்றொரு பயனும் உண்டு. பள்ளியில் தமிழ் பயிலும் வாய்ப்பில்லாத ஒரு குழந்தை, திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் பாட்டிக்கு ஒரு மடல் செய்து, அதன்மேல் 'பாட்டிக்கு' என்று ஐந்து எழுத்துகளை வெட்டி ஒட்டுமாயின், அந்த ஐந்து எழுத்துகளையும் அது பிறகு மறப்பதில்லை.

இவ்வேலையில் சற்று ஊன்றியவர்கள் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. காகிதத்தை அழகிய வடிவங்களில் வெட்டித் தரும் யந்திரம் ஒன்று வாங்கலாமா, வாங்குவதாயின் எதை வாங்குவது என்பதே அக்கேள்வி. விலையோ ஆயிரக்கணக்கில் இருக்கிறது. விளம்பரப் படங்களில் எல்லா யந்திரங்களும் எல்லா வேலைகளையும் செய்கின்றன. ஆசையோடு வாங்கப்பட்டு, ஆறு மாதத்தில் பரணுக்கு ஏறிய யந்திரங்கள் எத்தனையோ! ஆகவே, வாங்குமுன் சிந்திக்க வேண்டியவை யாவை என்பதை இன்று ஆராய்வோம். எந்த நிறுவனத்துக்கும் பரிந்துபேசுவது என் நோக்கமன்று. பெயர்களைக் குறிப்பிடுவது விளக்கத்தின் பொருட்டே.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இவ்வேலையை ஆங்கில வழக்கையொட்டி 'டை கட்டிங்' என்கிறார்கள். டை என்பது, விளிம்பு கூராக அமைந்த உலோக அச்சு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆகையால் அதை 'வெட்டச்சு' என்று இப்பேச்சில் வழங்க விரும்புகிறேன். கடைக்குச் செல்லும்போது மட்டும் 'டை' என்றே கேளுங்கள்; அங்கே என் சொல் செல்லாது.

இந்த யந்திரங்கள் இருவகைப்படும். அவற்றின் வேறுபாட்டை அறிய நம் அடுக்களைக்குள் சென்றாலே போதும். பூரிமாவைப் பெரிதாகத் தேய்த்துப் பரப்பி, ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்து அழுத்தி, ஒரே அளவான வட்டங்களை எடுப்பதுண்டு. மூடியின் வடிவம் எதுவோ அதுவே மாவின் வடிவம். நூறு முறை அழுத்தினாலும் நூறும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் வட்ட மூடியால் சதுரம் எடுக்க இயலாது. சோமாசி செய்கையில் நடப்பது வேறு. அங்கே பல்சக்கரம் வைத்த சிறு கருவியைக் கையிற்பற்றி, வேண்டிய வழியில் ஓட்டி வெட்டுகிறோம். கை எப்படிச் செல்கிறதோ அப்படி வடிவம் அமைகிறது. முதல் வகை யந்திரம் டப்பா மூடியைப் போன்றது. இரண்டாம் வகை சோமாசிச் சக்கரத்தைப் போன்றது.

முதல் வகையில் இரண்டு உருளைகளும் அவற்றைச் சுழற்றும் ஒரு கைப்பிடியும் உண்டு. ஒரு தட்டின்மேல் காகிதத்தை வைத்து, அதன்மேல் வெட்டச்சைக் கூர்முனை காகிதத்தைத் தொடுமாறு கவிழ்த்து, அதன்மேல் இன்னொரு தட்டை வைத்து, இந்த அடுக்கை உருளைகளுக்கு இடையே செலுத்திக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கரும்பு ஆலையில் கரும்பு நசுங்கிப் போவதுபோல் அடுக்கு அழுந்தி மறுபுறம் வரும். அழுத்தத்தால் வெட்டச்சின் விளிம்பு காகிதத்தினுள் இறங்கி, வடிவம் தனியே பிரிந்துவிடும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. கைப்பிடிக்குப் பதிலாக மின்மோட்டாரால் உருளைகளைச் சுழற்றும் யந்திரங்களும் உண்டு; தத்துவம் ஒன்றே. மூட்டுவலி உள்ளவர்களுக்கும் மணிக்கூறு கணக்கில் வெட்டுபவர்களுக்கும் அவை ஏற்றவை.

இரண்டாம் வகையில் வெட்டச்சே கிடையாது. ஒட்டும் தன்மையுள்ள ஒரு விரிப்பின்மேல் காகிதத்தைப் பதித்து யந்திரத்தில் நுழைத்தால், கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ நாம் வரைந்த கோட்டின் வழியே ஒரு சிறு கத்தி ஓடி வெட்டுகிறது. வடிவத்தை எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றலாம், பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம்.

அழுத்தி வெட்டும் முறை பழமையானது. மேலைநாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலணித் தொழிலில் தோலை ஒரே அளவில் வெட்டுவதற்கு அது பெரிதும் பயன்பட்டது. பிறகு அட்டைப்பெட்டித் தொழிலும் அச்சுத்தொழிலும் அதனை ஏற்றன. சிவகாசியிலும் தில்லி சாவ்ரி பஜாரிலும் விற்கும் திருமண அழைப்பிதழ்களின் வளைந்த விளிம்புகளும் சன்னல் போன்ற திறப்புகளும் இம்முறையில் அமைந்தவையே. 1977இல் தொடங்கிய எல்லிசன் என்னும் அமெரிக்க நிறுவனம், பள்ளி ஆசிரியர்கள் எழுத்துகளையும் உருவங்களையும் வெட்டுவதற்கான கையால் இயங்கும் யந்திரங்களைச் செய்தது. அந்நிறுவனமே 2001இல் 'சிசிக்ஸ்' என்ற பெயரில் வீட்டுக்கேற்ற சிறிய யந்திரத்தைக் கொணர்ந்தது. கத்தி ஓடும் யந்திரங்களில் 'கிரிக்கட்' 2006இல் வெளிவந்தது. பெயர் விளையாட்டை நினைவூட்டினாலும் பந்துக்கும் மட்டைக்கும் அதனோடு தொடர்பில்லை. 'சில்ஹூட்', வடிவத்தைத் தானே படமெடுத்து வெட்டும் பிரதரின் 'ஸ்கேன்-என்-கட்' ஆகியவையும் இவ்வினத்தவையே.

இனி, தெரிந்தெடுக்கும் முறைக்கு வருவோம். யந்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னர் நம்முடைய வேலையைப் பார்க்க வேண்டும். நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்வது நலம். ஆண்டுக்கு எத்தனை மடல்கள் செய்வோம்? ஒரே வடிவம் திரும்பத்திரும்ப வருமா, ஒவ்வொரு மடலும் வேறு வேறாக இருக்குமா? எவ்வகைக் காகிதத்தை வெட்டுவோம்? மடலில் தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்ட விரும்புகிறோமா? இந்நான்கில் நான்காவது கேள்வியை எந்த விற்பனையாளரும் நம்மிடம் கேட்பதில்லை. நமக்கோ அதுவே முக்கியமானது.

எண்ணிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். கணக்கின் வசதிக்காக யந்திரம் 12,000 ரூபாய், வெட்டச்சுகள் 6,000 ரூபாய், மாற்றுத் தட்டுகள் 1,500 ரூபாய் என்று கொள்வோம். மொத்தம் 19,500 ரூபாய். ஐந்தாண்டு உழைக்கும் யந்திரத்தில் ஆண்டுக்கு 60 மடல்கள் செய்தால், மொத்தம் 300 மடல்கள். ஒரு மடலின்மேல் விழும் யந்திரச் செலவு மட்டும் 65 ரூபாய். காகிதமும் உறையும் பசையும் தனி. ஆண்டுக்கு 300 மடல்கள் செய்து விற்பவருக்கு அதே செலவு மடலுக்கு 13 ரூபாய்தான். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கிடும் முறை மாறாது. ஆண்டுக்கு இருபது மடல்கள் செய்பவருக்கு ஒரு நல்ல கத்தரிக்கோலும் சிறு கத்தியும் போதும் என்பதை இக்கணக்கு தயக்கமின்றிச் சொல்லிவிடும்.

கத்தரிக்கோலை ஏளனமாக எண்ண வேண்டா. வடநாட்டில் வாழும் நம்மவர் மதுரா, பிருந்தாவனம் பக்கம் சென்றால் 'சாஞ்சி' என்னும் கலையைக் காணலாம். கோயிலில் வண்ணப்பொடியால் கண்ணன் கதைக் காட்சிகளைத் தீட்டுவதற்காகக் காகிதத்தில் மரமும் மயிலும் மாடும் துளைத்து எடுப்பார்கள். நுண்கத்தரி ஒன்றே அவர்களுடைய கருவி. அக்கலையிலிருந்து யந்திரம் வாங்குபவரும் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தமிழ் எழுத்தைப் பற்றிப் பேசும்போது அதற்குத் திரும்புவோம்.

அடுத்தது அளவு. யந்திரத்தின் வாய் எத்தனை அகலம் என்று பாருங்கள். வீட்டு உருளை யந்திரங்கள் பெரும்பாலும் இரண்டு அகலங்களில் கிடைக்கின்றன. ஒன்று ஏறத்தாழ ஆறங்குலம். மற்றது ஏறத்தாழ ஒன்பதங்குலம். முன்னதில் ஏ-5 தாள் நுழையும். பின்னதில் ஏ-4 தாள் நுழையும். ஏ-5 தாளை இரண்டாக மடித்தால் அஞ்சலட்டையை ஒத்த சிறு மடல் கிடைக்கிறது. ஏ-4 தாளை மடித்தால் அதைப்போல் இருமடங்கு பரப்புள்ள பெரிய மடல் கிடைக்கிறது. மடலை மடிக்குமுன் முழுத்தாளாகவே செலுத்தி வெட்ட விரும்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனியாகப் பூவும் இலையும் வெட்டி மடலில் ஒட்டுவதே நோக்கமாயின் ஆறங்குல யந்திரமே போதும்.

பெரிய மடலுக்கு அஞ்சல் செலவும் கூடும் என்பதை மறக்கலாகாது. ஏ-4 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள அட்டையில் ஏ-4 தாள் ஒன்றின் எடை 19 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கடிதத்துக்கான முதற்கட்டணப் படி 20 கிராம். உறையும் ஒட்டிய பூவும் சேர்ந்தால் அந்த எல்லை கடந்துவிடும். ஏ-5 தாளில் செய்த மடலோ பத்துக் கிராமுக்குள் நிற்கும். ஆதலால் நூறு பேருக்கு அஞ்சலில் அனுப்புபவர் சிறிய மடலையே செய்வது உசிதம். அதற்குச் சிறிய யந்திரமே ஏற்றது.

மூன்றாவது கேள்வி காகிதத்தைப் பற்றியது. கைவேலை மடலுக்குக் கையால் செய்த காகிதத்தை விரும்புவோர் பலர். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் காகசி குடும்பத்தார் வழிவழியாகக் காகிதம் செய்துவருகின்றனர். அங்கே நிறுவப்பட்டுள்ள கைக்காகித ஆராய்ச்சி நிலையம் குமரப்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, காந்தியடிகளோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்த ஜே. சி. குமரப்பாவின் பெயரை இராஜஸ்தானத்தில் காண்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யப்படும் அக்காகிதம் நார் மிக்கது, உறுதியானது, ஆனால் கனம் எங்கும் ஒரே சீராக இராது.

இந்தக் குணமே யந்திரத்தைத் தீர்மானிக்கும். ஓடும் கத்தி இத்தாளின் நாரை வெட்டாமல் சில இடங்களில் இழுத்துவிடும். வளைவுகளில் பஞ்சு கிளம்பும். பூவிதழின் ஓரம் கிழியும். கிளம்பிய பஞ்சு ஒட்டுவிரிப்பில் படிந்து அதன் பசைத்தன்மையைக் கெடுக்கும். உருளை யந்திரமோ எல்லா விளிம்பையும் ஒரே வேளையில் மேலிருந்து அழுத்துவதால் நார் இழுபடுவதில்லை. நுட்பமான வேலைப்பாடுள்ள வெட்டச்சாயின் அடுக்கைத் திருப்பி இரண்டாம் முறை செலுத்த வேண்டியிருக்கும், அவ்வளவே. மழமழப்பான ஆலைக்காகிதத்தில் இவ்வேறுபாடு தோன்றாது. ஆதலின், கைக்காகிதத்தில் மிகுதியாக வேலை செய்பவர்கள் கைச்சக்கர யந்திரத்தையே நாடுவது நன்று. தில்லியில் சாவ்ரி பஜார், கொல்கத்தாவில் வைட்டக்கானா பஜார், மும்பையில் அப்துல் ரகுமான் தெரு ஆகிய இடங்களில் காகிதக் கடைகள் நிறைந்துள்ளன. யந்திரம் வாங்குமுன் உங்களுக்குப் பிடித்த காகிதத்தை வாங்கிவிடுங்கள். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இனி நான்காவது கேள்விக்கு வருவோம். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துகள். இருபத்தாறு வெட்டச்சுகள் அடங்கிய பெட்டி ஒன்று வாங்கினால் எந்தப் பெயரையும் வெட்டலாம். தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் ஆகியவை சேர்ந்து 247 எழுத்துகள். காலையும் கொம்பையும் தனித்துண்டாகக் கொண்டாலும், உகர ஊகார எழுத்துகளும் இகர ஈகார எழுத்துகளும் தத்தமக்கென உருவம் உடையவை ஆதலால், நூற்றுக்கு மேற்பட்ட வெட்டச்சுகள் வேண்டும். ஆங்கில எழுத்துகளுக்குக் கிடைப்பது போன்ற பெட்டியைத் தமிழுக்கு எதிர்பார்த்துக் கைச்சக்கர யந்திரம் வாங்குபவர் ஏமாற்றமடைவார்.

தமிழ் எழுத்தை மிகுதியாக வெட்ட விரும்புகிறவர்களுக்கு ஓடும் கத்தியே துணை. கணிப்பொறியில் உள்ள எந்தத் தமிழ் எழுத்துருவையும் அது வெட்டும். திருமணமகள் பெயரையும் வெட்டும். குழந்தையின் பெயரையும் வெட்டும். ஆயினும் இங்கும் சில இடர்கள் உள.

முதலாவது இடர், கொம்பு இடம் மாறுதல். தமிழ் எழுத்துகளைச் சரிவரக் கோக்கத் தெரியாத மென்பொருளில் 'பொங்கல்' என்று தட்டினால், பகரத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். அதைக் கவனியாமல் நூறு மடல்களை வெட்டிவிட்டால் நூறும் வீண். தமிழ் ஒழுங்காக அமையும் வேறொரு மென்பொருளில் சொல்லை எழுதி, அதை எழுத்தாக அல்லாமல் கோட்டுருவமாக மாற்றி, அக்கோட்டுருவத்தை யந்திரத்துக்குக் கொடுப்பதே தக்க வழி. 'இங்க்ஸ்கேப்' என்னும் மென்பொருள் இதற்கு உதவும். அது விலையின்றிக் கிடைப்பது. யந்திரம் வாங்குமுன், அதன் மென்பொருள் அவ்வாறான வெளிக்கோப்பை ஏற்குமா, அதற்குத் தனிக்கட்டணம் உண்டா என்று கேட்டறியுங்கள்.

இரண்டாவது இடர், புள்ளி. 'வாழ்த்து' என்ற சொல்லை வெட்டினால் ழகரத்தின்மேலும் தகரத்தின்மேலும் உள்ள புள்ளிகள் தனியே உதிர்ந்து விழும். கடுகு அளவான அவற்றை எடுத்து ஒட்டுவதற்குள் பொறுமை போய்விடும். ஒட்டாமல் விட்டால் சொல் பிழையாகிவிடும். எழுத்தை ஒட்டாமல் மடலிலேயே துளையாக வெட்டும்போது இடர் வேறுவிதமாக வருகிறது. அப்போது ண, ன, வ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் சிறு துண்டு உதிர்ந்து, சுழி இருந்த இடம் வெறும் ஓட்டையாகிவிடும்.

முன்பு குறித்த சாஞ்சிக் கலை இங்கே வழிகாட்டுகிறது. மயிலின் கண்ணும் இறகும் உதிராதிருக்க, அக்கலைஞர்கள் துண்டுக்குத் துண்டு மெல்லிய பாலம் விட்டே வெட்டுகின்றனர். பார்ப்பவர் கண்ணுக்கு அப்பாலம் வேலைப்பாட்டின் ஒரு பகுதியாகவே தோன்றும். நாமும் சுழியின் உட்பகுதியை வெளிப்பகுதியோடு ஒரு மெல்லிய பாலத்தால் இணைக்கலாம். புள்ளியை எழுத்தின் தலையோடு சிறு காம்பால் சேர்க்கலாம். அன்றி, சொல் முழுவதையும் சுற்றிச் சற்று அகலமான நிழலுருவம் ஒன்றை வேறு வண்ணத்தில் வெட்டி, அதன்மேல் எழுத்துகளையும் புள்ளிகளையும் ஒட்டலாம். எழுத்தின் உயரம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாதிருப்பதும் நல்லது. அதற்குக் கீழே போனால் கனத்த தாளில் சுழிகள் சிதைகின்றன.

ஒரே சொல்லைப் பன்முறை வெட்டுபவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. 'பொங்கல் வாழ்த்து' என்பது ஆண்டுதோறும் மாறாத சொற்றொடர். அதை ஒரே வெட்டச்சாகச் சொல்லிச் செய்வித்துக்கொண்டால் கைச்சக்கர யந்திரமே போதும். தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்புச் சங்கங்களும் இவ்வழியைக் கருதலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. அச்சகங்களுக்கு வெட்டச்சு செய்து தருவோர் பயன்படுத்தும் எஃகுப் பட்டையின் வழக்கமான உயரம் 23.8 மில்லிமீட்டர். மேலும் கீழும் தட்டு வைத்தால் அந்த அடுக்கு வீட்டு யந்திரங்களின் உருளைகளுக்கிடையே பெரும்பாலும் நுழையாது. மெல்லிய உலோகத் தகட்டில் செய்யும் வெட்டச்சையே கேட்க வேண்டும். செய்யச் சொல்லுமுன் யந்திரத்தின் இடைவெளியை அளந்து சொல்ல வேண்டும்.

இனி, யந்திரத்தின் ஆயுளைப் பற்றிச் சிறிது. கைச்சக்கர யந்திரத்தில் தேய்வது தட்டுகள் மட்டுமே. ஒரே பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தால் அவை வளைந்துவிடும். ஒவ்வொரு முறையும் பக்கம் மாற்றி வைத்தால் நெடுநாள் வரும். மெல்லிய தகட்டு வெட்டச்சுகளை எந்த நிறுவனம் செய்ததாயினும், அகலம் பொருந்துமாயின், எந்த உருளை யந்திரத்திலும் பயன்படுத்தலாம். அடுக்கின் கனத்தை மட்டும் சரிசெய்துகொள்ள வேண்டும். யந்திரம் மாறினாலும் வெட்டச்சுகளில் போட்ட பணம் வீணாவதில்லை.

ஓடும் கத்தி யந்திரத்தின் ஆயுள் அதன் மென்பொருளின் ஆயுளோடு பிணைந்தது. கிரிக்கட்டின் பழைய யந்திரங்களுக்கான 'கிராஃப்ட் ரூம்' என்னும் மென்பொருள் 2018இல் நிறுத்தப்பட்டது. 2021 மார்ச்சில், மாதக்கட்டணம் செலுத்தாதவர்கள் மாதத்துக்கு 20 சொந்த வடிவங்களுக்கு மேல் ஏற்றலாகாது என்று அந்நிறுவனம் அறிவித்தது. யந்திரத்துக்கு முழு விலையும் கொடுத்தவர்கள் உலகெங்கும் மறுப்புத் தெரிவிக்கவே, அதே மாதத்தில் அவ்வறிவிப்பு கைவிடப்பட்டது. பயனாளர்கள் பேசியதால் நன்மை விளைந்தது. எனினும், நாம் விலைகொடுத்து வாங்கிய பொருளின் பயன் வேறொருவர் கையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. இவ்வகை யந்திரம் வாங்குபவர்கள், இணையத் தொடர்பு இல்லாதபோது அது எந்த அளவுக்கு இயங்கும் என்பதையும் கேட்டுத் தெளிய வேண்டும்.

மாற்றல் உத்தியோகத்தில் உள்ள குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். மின்சார யந்திரத்தை வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தால், அதன் மின்மாற்றி நம் நாட்டின் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று அதன் மேலுள்ள எழுத்தைப் படித்த பின்னரே செருகுங்கள். அமெரிக்க மின்னழுத்தம் 120 வோல்ட். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் எஃகு வெட்டச்சுகள் துருவேறும். உலர்ந்த பெட்டியில் வைக்க வேண்டும். தில்லியின் புழுதி ஒட்டுவிரிப்புக்குப் பகை. வேலை முடிந்ததும் அதன் மேலுறையை மூடிவைக்க வேண்டும். கோடையில் பிளாஸ்டிக் தட்டுகளை வெயில் படும் சன்னலோரம் வைத்தால் அவை வளைந்துபோகும். குழந்தைகள் கைச்சக்கரம் சுற்றலாம். ஆனால் தட்டை உருளைக்குள் நுழைக்கும் வேலை பெரியவர்களுடையதாகவே இருக்கட்டும்.

கடைக்குப் போகும் நாளில், முன்னரே வாங்கி வைத்த காகிதத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் தம் தாளை வெட்டிக் காட்டுவார். அது எப்போதும் நன்றாகவே வெட்டும். உங்கள் தாளை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். இடப்புறம், நடுப்புறம், வலப்புறம் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே வெட்டச்சை வைத்து வெட்டச் செய்யுங்கள். ஓரங்களில் வெட்டி நடுவில் வெட்டாவிடில் உருளையின் அழுத்தம் சீராக இல்லை என்று பொருள். பழைய யந்திரம் வாங்குவோர் இச்சோதனையைத் தவறாது செய்ய வேண்டும். ஓடும் கத்தியாயின், தமிழில் உங்கள் பெயரையே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். இறுதியாக, மாற்றுத் தட்டு, மாற்றுக் கத்தி, ஒட்டுவிரிப்பு ஆகியவற்றின் விலையையும் அவை உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் யந்திரத்தின் விலையைப் பேசுமுன்னரே கேளுங்கள்.

சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். ஆண்டுக்குச் சில மடல்கள் மட்டுமே செய்யும் குடும்பத்துக்குக் கத்தரிக்கோல் போதும். பூவும் கோலமும் விளிம்புமாக ஒரே வடிவங்களை மிகுதியாக வெட்டுபவர், கைக்காகிதத்தை விரும்புபவர், அடிக்கடி ஊர் மாறுபவர் ஆகியோருக்கு ஆறங்குலக் கைச்சக்கர யந்திரம் ஏற்றது. மடலுக்கு மடல் பெயர் மாற்றித் தமிழில் வெட்ட விரும்புபவரும், திருமணம் முதலியவற்றுக்குச் செய்து கொடுத்துப் பொருளீட்ட எண்ணுபவரும் ஓடும் கத்தி யந்திரத்தை வாங்கலாம். கணிப்பொறியில் சிறிது பயிற்சியும் அதனோடு சேர்த்துப் பெற வேண்டும். இரண்டையும் ஒருங்கே வாங்க வேண்டிய தேவை வெகு சிலருக்கே உண்டு. ஒரு குடியிருப்பில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் இருக்குமாயின், ஒரு யந்திரத்தைப் பொதுவில் வாங்கி, பொங்கலுக்கு முந்திய மாதத்தில் ஒரு வீட்டில் கூடி மடல் செய்யலாம். செலவும் பங்காகும், பிள்ளைகளுக்கும் ஓர் எழுத்து வகுப்பு நடந்ததாகும்.